காளானும் பக்கத்துணையும்

திருப்பூரிலிருந்து தாராபுரம், பழனி வழியாகக் கொடைக்கானல் போக ஒரு ராத்திரி போதும். சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் பைக்கில் கிளம்பி, ஞாயிறு முழுக்க மலையில் இருந்துவிட்டு, திங்கள் காலை பனியன் கம்பெனி பவர் டேபிளில் வந்து உட்கார்ந்துவிடலாம். அப்படிப் போகிறவர்களில் பெரும்பாலோர் குளிருக்கும் மேகத்துக்கும் போகிறவர்கள். சிலர் காளானுக்காகவும் போகிறார்கள். வட்டக்கானல், மன்னவனூர், பூம்பாறை என்று மேல்மலை ஊர்ப் பெயர்களோடு சேர்த்து, போதைக் காளான் விற்றவர்கள் கைது என்ற செய்தி நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது.

அதே காளானில் இருக்கும் சைலோசைபின் என்ற வேதிப்பொருளைப் பற்றி வேறொரு வகைச் செய்தியும் வருகிறது: மனச்சோர்வுக்கு மருந்தாகலாம், குடியை நிறுத்த உதவலாம், புகழ்பெற்ற மருத்துவ இதழ்களில் ஆய்வு வெளியாகியிருக்கிறது. முதல் செய்தியை அப்பா படிக்கிறார். இரண்டாவது, மகனின் செல்போனில் அரை நிமிட வீடியோவாக ஓடுகிறது. “டிப்ரஷனுக்கு மருந்தாமாப்பா” என்று அறையில் ஒருவன் சொன்னால், மறுத்துப் பேச அந்த அறையில் யாரிடமும் முழுத் தகவல் இருப்பதில்லை. ஆய்வுகள் உண்மையில் சொல்வது என்ன என்று பார்ப்பது அதனால் அவசியம். அவற்றில் திருப்பூருக்கு உடனே பயன்படக்கூடிய ஒன்று இருக்கிறது. அது காளான் இல்லை.

சைலோசைபின் உடலுக்குள் போனதும் சைலோசின் என்ற பொருளாக மாறுகிறது. மனநிலை, தூக்கம், பசி ஆகியவற்றோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்ற மூளைத் தூதுப்பொருளை வடிவத்தில் ஒத்திருக்கிறது அது. மூளையின் புறணியில் உள்ள நரம்பணுக்களில் செரோட்டோனின் 2ஏ என்ற ஏற்பிகள் இருக்கின்றன. சைலோசின் அவற்றில் போய் ஒட்டிக்கொள்கிறது. எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருள் ஒட்டுவதும் அங்கேதான். ‘நான்’ என்ற நினைப்பையும், பழைய கவலைகளைத் திரும்பத் திரும்ப அசைபோடுவதையும் நடத்தும் மூளை வலைப்பின்னலின் ஒழுங்கு அப்போது தளர்கிறது. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ராபின் கார்ஹார்ட் ஹாரிஸ் குழுவினர் 2012இல் மூளைப் படங்கள் எடுத்து இதைக் காட்டினார்கள். ஆண்டுக்கணக்கில் ஒரே தடத்தில் ஓடிக் குழிவிழுந்த வண்டிப்பாதையிலிருந்து சக்கரம் சில மணி நேரம் வெளியே ஏறிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஏறிய சக்கரம் நல்ல வழியில் போகுமா, பள்ளத்தில் விழுமா என்பது மருந்தை மட்டும் பொறுத்ததன்று.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவன வேதியியலாளர் ஆல்பர்ட் ஹோஃப்மன் 1938இல் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார், அதன் விளைவை 1943இல் தன் உடம்பிலேயே அறிந்தார். மெக்சிகோவின் மலைக்கிராமங்களில் மசாத்தேக் பழங்குடியினர் நோய் தீர்க்கும் சடங்குகளில் பயன்படுத்திவந்த காளானிலிருந்து சைலோசைபினைப் பிரித்தெடுத்தவரும் அவரே; அது 1958இல். 1950களிலும் 60களிலும் ஆய்வுகள் குவிந்தன. பிறகு பொருள் ஆய்வுக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது, அரசுகள் தடை விதித்தன, 1971இன் ஐ.நா. உடன்படிக்கையோடு ஆய்வும் ஏறக்குறைய நின்றது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராலண்ட் கிரிஃபித்ஸ் 2006இல் வெளியிட்ட ஆய்வுதான் மூடிய கதவை மீண்டும் திறந்தது.

இனி எண்கள். நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் 2022இல் வெளியான ஆய்வில், மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேர் பங்கேற்றார்கள். 25 மில்லிகிராம் சைலோசைபின் ஒரே ஒரு முறை பெற்றவர்களில் 29 சதவீதம் பேர் மூன்று வாரத்தில் நோய்க்குறிகள் ஏறக்குறைய நீங்கிய நிலையை எட்டினார்கள். பெயருக்கு 1 மில்லிகிராம் பெற்றவர்களில் அது 8 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். ஆனால் முதல் குழுவிலும் பத்தில் ஏழு பேருக்கு அந்த நிலை கிட்டவில்லை என்பதையும் அதே எண் சொல்கிறது. தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையோ எல்லாக் குழுக்களிலும் சிலரிடம் காணப்பட்டது.

குடி நோயைப் பற்றிய ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் போகன்ஷுட்ஸ் குழுவினர் 2022இல் வெளியிட்டது. 93 பேருக்குப் பன்னிரண்டு வார உளவியல் சிகிச்சை நடந்தது; இடையில் இரண்டு நாள் மட்டும் சைலோசைபினோ, தூக்கம் தரும் ஒரு சாதாரண ஒவ்வாமை மருந்தோ கொடுத்தார்கள். அடுத்த 32 வாரங்களில், சைலோசைபின் குழு மிதமிஞ்சிக் குடித்த நாள்கள் சராசரியாக 9.7 சதவீதம், மற்ற குழுவில் 23.6 சதவீதம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்து ஆய்வில் யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்பது நோயாளிக்குத் தெரியக்கூடாது. சைலோசைபின், எல்.எஸ்.டி. போன்ற சைக்கடெலிக் மருந்தில் அதை மறைக்க வழியில்லை. சுவரில் கோலங்கள் நெளிந்தால் தனக்குக் கிடைத்தது எது என்று அவருக்கே தெரிந்துவிடும். போகன்ஷுட்ஸ் ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் சரியாக ஊகித்துவிட்டார்கள். ‘எனக்கு உண்மையான மருந்து கிடைத்தது’ என்ற நம்பிக்கையே குணத்தில் ஒரு பங்கைத் தந்திருக்கலாம்; ‘எனக்குக் கிடைக்கவில்லை’ என்ற ஏமாற்றம் மற்ற குழுவைக் கீழே இழுத்திருக்கலாம். கார்ஹார்ட் ஹாரிஸ் குழு 2021இல் 59 பேரிடம் சைலோசைபினை எஸ்சிடலோபிராம் என்ற வழக்கமான மனச்சோர்வு மாத்திரையோடு ஒப்பிட்டபோது, ஆய்வின் முதன்மை அளவீட்டில் இரண்டுக்கும் உறுதியான வித்தியாசம் தெரியவில்லை. அந்த மாத்திரை நம் ஊர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எழுதிக்கொடுக்கிற சாதாரண மாத்திரை.

கொஞ்சம் கொஞ்சமாக, போதை ஏறாத அளவில் எடுத்துக்கொண்டால் சுறுசுறுப்பு வரும் என்ற பேச்சுக்கும் ஓர் அழகான சோதனை நடந்தது. பலாஷ் சிகெட்டி என்ற ஆய்வாளர், தாங்களாகவே அப்படி எடுத்துக்கொள்ள இருந்தவர்களையே ஆய்வில் பங்குகொள்ளச் செய்தார். அவரவர் வீட்டில் சில உறைகளில் மருந்துள்ள குளிகைகள், சில உறைகளில் வெறும் குளிகைகள். எல்லாவற்றையும் கலந்துவிட்டு, எது எது என்று தெரியாமலே வாரக்கணக்கில் எடுத்துக்கொண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். 191 பேர் முடித்தார்கள். மனநலம் மேம்பட்டது உண்மை. வெறும் குளிகை எடுத்தவர்களுக்கும் அதே அளவு மேம்பட்டது. 2021இல் வெளியான இந்த முடிவை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பயன்படுத்துகிறவர்களை வெறும் சோதனை எலியாக நடத்தாமல், ஆய்வின் பங்காளியாக நடத்தியதால் கிடைத்த உண்மை இது.

ஆராய்ச்சி நடக்கும் அறைக்குள் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் முறையில், வருகிறவருக்கோ அவருடைய நெருங்கிய உறவினருக்கோ மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்றவை இருந்தால் அவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. சேர்த்துக்கொண்டவரிடம் முன்கூட்டியே பல மணி நேரம் பேசுகிறார்கள். மருந்து கொடுக்கும் நாளில் மருத்துவமனை வாடையே இல்லாத, வீட்டுக்கூடம் போன்ற அறை. கண்ணை மூட ஒரு துணி, காதுக்கு இசை. ஏறக்குறைய எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இருவர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர் அழுதால் அவர் சம்மதத்தோடு கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், பேசினால் கேட்கிறார்கள், மௌனமாக இருந்தால் மௌனமாக இருக்கிறார்கள். மறுநாளும் அதன் பிறகும் மறுபடி பேச்சு. இவ்வளவுக்கும் நடுவே ஒரு குளிகை. செய்தியில் குளிகை மட்டும் வருகிறது. அந்த இருவர் வருவதே இல்லை.

அந்த இருவர் இல்லாதபோது நடப்பதையும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்களே கணக்கெடுத்தார்கள். காளான் தின்று மிகவும் கஷ்டப்பட்ட அனுபவம் உள்ள 1,993 பேரிடம் கேட்டு 2016இல் வெளியிட்ட ஆய்வு அது. 39 சதவீதம் பேர் அதைத் தங்கள் வாழ்நாளின் மிகக் கடினமான ஐந்து அனுபவங்களில் ஒன்றாகச் சொன்னார்கள். 11 சதவீதம் பேர் தங்களுக்கோ மற்றவர்களுக்கோ உடலளவில் ஆபத்து நேரும் நிலையை உண்டாக்கினார்கள். 2.7 சதவீதம் பேர் மருத்துவ உதவி பெற்றார்கள். சிலருக்கு நீடித்த மனநோய் தொடங்கியதாகவும், சிலர் தற்கொலைக்கு முயன்றதாகவும் தெரியவந்தது. அப்படியிருந்தும் 84 சதவீதம் பேர் அந்த அனுபவத்தால் நன்மையும் கிடைத்தது என்றார்கள். பயமுறுத்தும் பிரசாரமும் பாராட்டும் பிரசாரமும் இந்தக் கணக்கிலிருந்து தத்தமக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் இரண்டு என் கண்ணில் நின்றன: உட்காரவோ படுக்கவோ சௌகரியமான இடம் இல்லாதது, ஆதரவான ஆள் பக்கத்தில் இல்லாதது.

மலை விளிம்பு, இருட்டு, குளிர், முன்பின் தெரியாத விற்பனையாளர், எல்லோருமே தின்றிருக்கும் நண்பர் கூட்டம் என்ற சூழலை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். காட்டில் பறித்த காளானில் இன்னோர் ஆபத்தும் உண்டு. ஒன்றைப் போல இன்னொன்று இருக்கும். அமாடாக்சின் என்ற நஞ்சுள்ள சிறு பழுப்புக் காளான்கள் ஈரலைக் கொல்லும். தின்ற ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் அது மிக மோசமான அறிகுறி. ஒரு நாள் கழித்துக் குணமானது போலத் தெரிந்து, பிறகு ஈரல் செயலிழக்கும். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

ஆதரவான ஆள் பக்கத்தில் இருப்பதே பாதிச் சிகிச்சை என்பதை மருத்துவமனைக்கு வெளியே இளைஞர்களும் கண்டுகொண்டார்கள். 1969இல் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் இசை விழாவில் மிரண்டுபோனவர்களுக்காக ‘ஹாக் ஃபார்ம்’ என்ற குழுவினர் கூடாரம் அமைத்தார்கள். ஊசி போட்டு மயக்கிக் கிடத்துவதற்குப் பதிலாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசி மீட்டார்கள். தெளிந்தவரையே அடுத்து வருகிறவருக்குத் துணையாக உட்கார வைத்தார்கள். போர்ச்சுகலின் பூம் விழாவில் 2002 முதல் இது நடக்கிறது; காஸ்மிகேர் என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் 2012 முதல் ஸெண்டோ என்ற குழு செய்கிறது. 2021இல் அங்கே வேறொரு குழு தொலைபேசி வழியாகவும் தொடங்கிவிட்டது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் அழைப்பை எடுக்கிறார்கள். தீங்குக் குறைப்பு என்று இதற்குப் பெயர். போதையை இவர்கள் பரிந்துரைப்பதில்லை. எடுத்துவிட்டு வந்து நிற்பவரைத் திட்டுவதும் இல்லை. உயிரும் மனமும் சேதமில்லாமல் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் நோக்கம்.

இந்தியாவுக்கு இந்த யோசனை புதிதன்று. கொல்கத்தா சோனாகாச்சியில் 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜனா எய்ட்ஸ் தடுப்புப் பணியைத் தொடங்கியபோது, பாலியல் தொழிலாளர்களையே சக கல்வியாளர்களாக்கினார். வெள்ளைக் கோட்டைக் கண்டு ஒதுங்கியவர்கள் சக பெண்ணின் பேச்சைக் கேட்டார்கள். ஊசி வழியே போதை ஏற்றுவோருக்கான தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் சக கல்வியாளர்களை வைத்தே நடக்கிறது. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் போதைத் தடுப்புத் திட்டத்தில், இளையவர்களுக்கு இளையவர்களே வழிகாட்டும் பிரிவு ஒன்றும் இருக்கிறது.

சைக்கடெலிக் ஆய்வையும் சகமனிதத் துணையையும் ஒரே வாழ்க்கையில் கண்டவர் ஒருவர் உண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற குடிநோயாளர் தோழமையை 1935இல் மருத்துவர் பாப் ஸ்மித்தோடு சேர்ந்து தொடங்கிய பில் வில்சன்தான் அவர். 1934 டிசம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் குடியை நிறுத்த அவருக்குக் கொடுத்த மருந்துகளில், மனமயக்கம் தரும் பெல்லடோனாவும் இருந்தது. அங்கே அறை முழுக்க ஒளி நிறைந்ததைப் போன்ற ஓர் அனுபவம் அவருக்கு ஏற்பட்டது. அதன் பிறகு அவர் குடிக்கவில்லை. 1950களில் கனடாவின் சஸ்காச்சுவானில் ஹம்ஃப்ரி ஆஸ்மண்டும் ஆப்ரம் ஹாஃபரும் குடிநோயாளிகளுக்கு எல்.எஸ்.டி. கொடுத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதை அறிந்த வில்சன் 1956இல் லாஸ் ஏஞ்சலிஸில் மருத்துவர் மேற்பார்வையில் தானும் எடுத்துப் பார்த்தார். நம்பிக்கை இழந்த குடிநோயாளிகளுக்கு இது உதவக்கூடும் என்று நினைத்தார். தோழமையில் எதிர்ப்பு எழுந்தது. அந்த முயற்சியை அவர் விட்டுவிட்டார், தோழமை வளர்ந்தது. 1957இல் அது மும்பைக்கு வந்தது. இன்று தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில், தேவாலயக் கூடத்திலும் பள்ளி வகுப்பறையிலும், “என் பெயர் இது, நான் ஒரு குடிநோயாளி” என்று ஒருவர் எழுந்து சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

எல்.எஸ்.டி. பற்றிய அந்தக் காலத்து ஆய்வுகளில் தரமான ஆறைத் தேர்ந்து, 536 பேரின் தரவை நார்வே ஆய்வாளர்கள் இருவர் 2012இல் தொகுத்தார்கள். எல்.எஸ்.டி. பெற்றவர்களில் 59 சதவீதம் பேரிடமும் மற்றவர்களில் 38 சதவீதம் பேரிடமும் முன்னேற்றம் தெரிந்தது. ஓர் ஆண்டுக்குள் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. ஆளைத் தொடர்ந்து தாங்கிப் பிடிக்க ஒரு கூட்டம் வேண்டும் என்று வில்சன் கண்டதை இந்த எண்கள் மறுக்கவில்லை.

திருப்பூருக்குத் திரும்புவோம். எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் 2019இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், மனமாயப் பொருள்களைப் பயன்படுத்துவோர் மக்கள்தொகையில் 0.12 சதவீதம். மது அருந்துவோர் 14.6 சதவீதம், ஏறத்தாழ 16 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஓர் உதவி கிடைத்ததாகச் சொன்னார். காளானைப் பற்றிப் பதறும் அளவில் நூறில் ஒரு பங்கு கவலையாவது மீதி 37 பேர் மேல் நமக்கு வந்திருக்க வேண்டும்.

பனியன் தொழில் அறிந்தவர்களுக்கு இந்த ஊரின் போதை எந்த நேரத்தில் எப்படி வரும் என்று தெரியும். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், சில நாள் விடிய விடிய. பீஸ் ரேட் என்பதால் நிறுத்தி மூச்சு விட்டால் கூலி குறையும். கண் செருகாமலிருக்க உதட்டுக்குள் கூல் லிப் புகையிலை. இடுப்பு வலிக்கு மாத்திரை. சனி இரவு டாஸ்மாக். இதோடு டேபென்டடால் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் தமிழ்நாட்டின் பல நகரங்களில் இளைஞர்களிடம் வந்திருக்கிறது. விழுங்குவதற்காகச் செய்த மாத்திரையில் உள்ள மாவுப்பொருள் ரத்தக்குழாயை அடைக்கும், ஒரே ஊசியைப் பலர் போட்டுக்கொண்டால் மஞ்சள்காமாலை வைரஸும் எச்.ஐ.வி.யும் தொற்றும், அளவு கூடினால் மூச்சு நிற்கும். என்ன மாத்திரை என்றே தெரியாமல் விழுங்கியவர்களும் உண்டு. தமிழ்நாட்டு ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்கு, பெயர் ஒட்டாத மாத்திரைகளைப் பெண்களுக்குக் கொடுத்து வேலையை நிறுத்தாமல் ஓட்டியதை தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளை சுமார் நூறு பெண்களிடம் பேசி 2019இல் வெளிக்கொண்டுவந்தது. அந்தப் பெண்கள் கேட்டது கொஞ்ச நேர ஓய்வு. கிடைத்தது மாத்திரை.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள்தான் கஞ்சா சாக்லேட் கொண்டுவருகிறார்கள் என்ற பேச்சு ஊரில் எளிதாகக் கிளம்புகிறது. அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் தங்கி, மொழி தெரியாத ஊரில், உடம்பு முடியாவிட்டால் யாரிடம் சொல்வதென்றே தெரியாமல் இருப்பவர்கள் அவர்கள். முதலில் காப்பாற்ற வேண்டியவர்களை முதல் குற்றவாளிகளாகப் பார்க்கும் ஊரில் யாரும் உதவி கேட்டு வாயைத் திறக்க மாட்டார்கள்.

மருத்துவப் பட்டம் இல்லாதவர் பக்கத்தில் உட்கார்ந்து என்ன சாதித்துவிட முடியும்? கோவாவில் சங்கத் என்ற அமைப்பு இதை முறையாகச் சோதித்தது. அபிஜித் நட்கர்ணி, விக்ரம் பட்டேல் குழுவினர் 2017இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். ஆபத்தான அளவில் குடித்துவந்த 377 ஆண்கள். ஆரம்ப சுகாதார நிலையங்கள். மனநலப் படிப்பே இல்லாத, உள்ளூர்ப் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். அதிகபட்சம் நான்கு முறை பேச்சு. மூன்று மாதத்தில், பேச்சு கிடைத்தவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய இரண்டு வாரமும் ஒரு சொட்டுக்கூடக் குடித்திருக்கவில்லை. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் அது 18 சதவீதம். சைலோசைபின் ஆய்வுகளின் எண்களுக்கு இணையாக வைத்துப் பேசத்தக்க எண்கள் இவை. இதற்கு எந்த இறக்குமதியும் வேண்டாம், எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல் குறிப்பிட்ட மனநல மருத்துவர்களுக்குச் சைலோசைபின் சிகிச்சை உரிமை தந்திருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024இல் எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு போதைப்பொருளைக் கொண்ட சிகிச்சையைப் போதிய சான்றில்லை என்று திருப்பி அனுப்பியது. அந்த விவாதம் முடிய ஆண்டுகள் ஆகும். திருப்பூர் வட்டாரத்தில், அனுப்பர்பாளையத்திலும் பெருமாநல்லூரிலும், பக்கத்தில் உட்காரும் வேலையை அடுத்த வாரமே தொடங்கலாம்.

துணைக்கு வருகிறவருக்கு நல்ல மனம் மட்டும் போதாது, எல்லை தெரிய வேண்டும். பல ஆண்டு தினமும் குடித்தவர் சபரிமலைக்கோ பழனிக்கோ மாலை போட்ட அன்றே சட்டென நிறுத்துவார். எல்லோரும் பாராட்டுவோம். முதல் இரண்டு நாளில் அவருக்கு வலிப்பு வரலாம்; இரண்டு, மூன்றாம் நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத ஆளோடு பேசத் தொடங்கலாம். “சாமி வந்திருக்கு” என்றோ “பேய் புடிச்சிருக்கு” என்றோ விட்டுவிட்டால் உயிர் போகும். மாலை போடும் முன்பே மருத்துவரைப் பார்க்கச் சொல்வது துணையின் வேலை. ஓபியாய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்தவருக்குக் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, மூச்சு மெதுவாகி, உதடு நீலமானால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108. தூங்கட்டும் என்று விடுவது கொலைக்குச் சமம். காளானோ எல்.எஸ்.டி.யோ எடுத்து மிரண்டவரை, சத்தமும் கூட்டமும் இல்லாத இடத்துக்கு அழைத்துப்போய், “ஒண்ணும் ஆகாது தம்பி, மருந்தோட வேலை இது, சில மணி நேரத்துல எறங்கிடும், நான் இங்கயேதான் உக்காந்திருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வாதாடக் கூடாது, கட்டிப்போடக் கூடாது, தெளியட்டும் என்று மது கொடுக்கக் கூடாது. உடம்பு கொதித்தாலோ, வலிப்பு வந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, தன்னை மாய்த்துக்கொள்வதாகப் பேசினாலோ அது மருத்துவமனை விஷயம்.

இங்கே சட்டம் குறுக்கே நிற்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நண்பன் மயங்கிக் கிடக்கும்போது 108க்குப் பேசப் பயப்படுவது அதனால்தான். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் சைலோசைபினும் எல்.எஸ்.டி.யும் இருக்கின்றன. கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜனவரியில் ஒரு ஜாமீன் உத்தரவில், காளானின் மொத்த எடையையும் போதைப்பொருளின் எடையாகக் கணக்கிட முடியாது என்று சொன்னது. இதைக் கேட்டுக் காளான் சட்டப்படி செல்லும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேறொரு பிரிவைத்தான் ஊரறியச் சொல்ல வேண்டும். அதே சட்டத்தின் 64ஏ பிரிவின்படி, போதைக்கு அடிமையான ஒருவர், பயன்படுத்திய குற்றமோ சிறு அளவு தொடர்பான குற்றமோ சுமத்தப்பட்டவராக இருந்தாலும், தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முடித்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை இடையில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவும் போதையும் சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. போதை மறுவாழ்வு இல்லம் என்ற பெயரில் அடித்துத் திருத்தும் இடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, நோயாளியையும் குடும்பத்தையும் சேர்த்தே நடத்தும் சிகிச்சையை நாற்பதாண்டுக்கு மேலாகச் செய்துகாட்டியிருக்கிறது. சென்னை வரை போக முடியாதவர்களுக்கு, 2022இல் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி இன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

பனியன் கம்பெனி முதலாளிகளிடமும் ஹாஸ்டல் நடத்துகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டு வாங்குவோரின் தணிக்கைக்காகத் தீயணைப்புப் பயிற்சிக்கு ஒவ்வொரு லைனிலும் ஆள் தேர்ந்தெடுக்கிறீர்கள். அதே லைனில், எல்லோரும் மனம்விட்டுப் பேசும் ஒருவரையும் தேர்ந்தெடுங்கள். கட்டிங்கில் ஒருவர், செக்கிங் பகுதியில் ஒரு பெண், ஒடியா பேசுகிறவர் ஒருவர், இந்தி பேசுகிறவர் ஒருவர். மேற்பார்வையாளர் வேண்டாம், அவரிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். மாவட்ட மனநலத் திட்டத்தினரை அழைத்துச் சம்பளத்தோடு பயிற்சி கொடுங்கள். உதவி கேட்டவரின் வேலை போகாது என்று எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டுங்கள். அதன் கீழேயே இந்த எண்களையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வையுங்கள்: போதை மீட்பு உதவிக்கு 14446, மனநல ஆலோசனைக்கு டெலிமானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104, உயிருக்கு ஆபத்து என்றால் 108.